விசேஷ அறையில் சத்தமில்லை

ஏழுமலைக்கு மூன்று கைகள் என்பாள் அவருடைய மனைவி கருப்பாயி. ஒன்று சோறு சாப்பிட, ஒன்று சாரத்தை இடுப்பில் இழுத்துச் செருக, மூன்றாவது போன். முதல் இரண்டு கைகளாலும் அவர் மேற்பிரிவு ரப்பர் தோட்டத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. செய்ததெல்லாம் மூன்றாவது கைதான். லயத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அந்தக் கையால். பொலிஸ் முற்றத்தில் மாதக்கணக்காக வெயில் காய்ந்த ஒரு முச்சக்கர வண்டி வீடு திரும்பியது அந்தக் கையால். மழையில் சரிந்த கோவில் மதிலுக்கு சீமெந்து வந்ததும் அதனால்தான். மதில் இன்னும் எழும்பவில்லை என்றால், அது கட்டுகிற கைகளின் குறை.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் ஒருவனைப் பார்த்து நீ யார் என்று எவரும் கேட்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு சிங்களத்தில் ஒரு பதில் இருக்கிறது: "அப்பே கெனெக்". நம்ம ஆள் என்று பொருள். அரசாங்கக் கந்தோர்களிலும் மாவட்டக் கச்சேரியிலும் பூட்டிய கதவுகளுக்குச் சாவியாக அந்த இரண்டு சொற்கள் கரம் மாறிக் கரம் போவதை அவர் பார்த்திருக்கிறார். அவற்றை அவர் தானாகச் சொல்லிக்கொள்வதில்லை. இன்னொருவரைச் சொல்ல வைப்பார். வித்தையே அதில்தான் இருந்தது.

அன்று காலை அவருடைய ஒரே மகள் ஷாமிளாவுக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு காய்த்துப்போனவள் அவள். தன் முறை வந்தபோது பயப்படாமல்தான் வண்டியில் ஏறினாள். அவள் புருஷன் சசி கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. செய்தி கேட்டதும் ரயில் பிடித்து, ரம்புக்கனை வரைக்கும் நின்றுகொண்டே வருவதாகத் தகவல் அனுப்பியிருந்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே ஒரு நீள வாங்கு. அதன் ஒரு முனையில் ஏழுமலையும் கருப்பாயியும் இருந்தார்கள். மறுமுனையில், மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு ஜஸீல் என்ற இளைஞன். டவுனில் செருப்புக் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி ரிஸ்னாவும் உள்ளே, ஷாமிளாவுக்கு அடுத்த கட்டிலில்.

எதிரே இருந்தது ஆடும் கதவு. ஒவ்வொரு முறை அது திறந்து மூடும்போதும் உள்ளே இருந்து ஒரு சத்தம் கொஞ்சம் சிந்தியது. டுக் டுக் டுக் டுக். தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற மழைத்தண்ணீரை யாரோ பின்னால் நின்று விரட்டுவது போல அவ்வளவு வேகம்.

"அது என்ன சத்தம்?" என்று கருப்பாயி கேட்டாள். பம்பு மோட்டராக இருக்கும் என்றார் ஏழுமலை. தெரியாது என்று சொல்லும் வழக்கம் தலைவர்களுக்கு இல்லை.

அது பம்பு இல்லை என்பதை இளம் டொக்டர் ஒருவர் வந்து விளக்கினார். பல நாள் தூங்காதவர் போல் தெரிந்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட, அவர்களுடைய தூக்கமின்மையையும் சேர்த்து இவரே சுமந்துகொண்டிருந்தார். ஷாமிளாவின் தண்ணீர்க்குடம் உடைந்திருக்கிறது, தண்ணீர் சற்றுப் பச்சையாக வந்திருக்கிறது, அதனால் பிள்ளையின் இதயத்துடிப்பை மெஷினில் விடாமல் பார்க்கிறோம் என்றார் அவர். வயிற்றில் இரண்டு பட்டிகள் கட்டியிருக்கிறோம்; ஒன்று துடிப்பைக் கேட்கும், மற்றது வலியை அளக்கும். வெளியே கேட்கிற சத்தம் உங்கள் பேரப்பிள்ளையின் இதயம்.

கருப்பாயி சட்டென்று சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு வலி வந்து போனதும் துடிப்பு கொஞ்சம் இறங்கி ஏறுகிறது என்று டொக்டர் தொடர்ந்தார். சீக்கிரம் ஏறும்வரை பயமில்லை. ஏறுவதற்குச் சுணங்கினால் பிள்ளை களைத்துப்போகிறது என்று அர்த்தம். அப்போது உடனே ஒப்பரேஷன் செய்து எடுக்க வேண்டும். மெஷின் காட்டிக்கொடுக்கும். பட்டியை மட்டும் கழற்றக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு, ஒப்பரேஷன் அறையில் ரத்தம் போய்க்கொண்டிருந்த இன்னொரு தாயிடம் அவர் ஓடினார்.

இவ்வளவும் ஏழுமலைக்கு நன்றாகவே விளங்கியது. வாங்கில் அமைதியாக இருந்து, இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதும் விளங்கியிருக்கும். ஆனால் அடுத்து வந்தது சிஸ்டர். வார்டுக்குப் பொறுப்பான அந்த அம்மா, பெயர் விவரம் கேட்டுக்கொண்டு வந்தபோது, தலையை நிமிர்த்தாமலேயே, "வத்தென்த?" என்று கேட்டுவிட்டாள். தோட்டத்திலிருந்தா என்பதுதான் அந்தக் கேள்வி. அதில் இளக்காரம் இருந்ததா, வெறும் விலாசம்தானா என்பது கேட்டவளுக்கே தெரிந்திராது. ஏழுமலையின் காதில் அது முழங்கியது. இப்படிக் கேட்ட பிறகுதான் அவருடைய அக்காவை ஒரு காலத்தில் இதே ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அவருடைய மூன்றாவது கை சட்டைப்பைக்குள் போனது.

"இப்ப யாருக்கு?" என்றாள் கருப்பாயி. "டொக்டரு நல்லாத்தானே சொல்லிட்டுப் போறாரு."

"நல்லா சொன்னா போதுமா? நாம யாருன்னு தெரியணும்ல."

"நாம யாருங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை, அவர் எடுத்த போன் மறுமுனையில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் முன்னாள் மாகாண சபை உறுப்பினரின் இணைப்புச் செயலாளர். மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உறுப்பினரும் உறுப்பினராக இல்லை. ஆனால் இணைப்புச் செயலாளர் மட்டும் இன்னும் எதையெல்லாமோ இணைத்துக்கொண்டேயிருந்தார். அடுத்து கொழும்பில் தொழிற்சங்கத் தலைமைக் காரியாலயம். அடுத்து தோட்டத்துப் பெரிய கிளாக்கர். கடைசியில் மின்சார சபை ஊழியர் ஒருவர். அவருடைய மைத்துனிதான் ஆஸ்பத்திரி டிரெக்டரின் பக்கத்து வீடு. எல்லோரிடமும் ஏழுமலை கேட்டது ஒரே வார்த்தைதான்: மகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

பேசி முடித்தவர் மறுமுனையில் இருந்த ஜஸீலைப் பார்த்தார். வெற்றி பெற்ற மனிதனுக்குத் தர்ம சிந்தனை வருவது இயல்பு. "தம்பி, ஒங்க சம்சாரத்துக்கும் ஒரு போன் கோல் போடவா? ஒரே மூச்சில முடிஞ்சிரும்."

ஜஸீல் கூச்சத்தோடு சிரித்தான். "வேணாம் தலைவர். எங்களுக்கு யாரையும் தெரியா. இப்ப திடீரெண்டு தெரிஞ்சா அவங்களுக்கே பயம் வந்துரும்."

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் போன்கள் பாடத் தொடங்கின. முதலில் டிரெக்டரின் அறையில். பிறகு வரவேற்பு மேசையில். பிறகு சிஸ்டரின் சட்டைப்பையில். ஏழுமலை கேட்ட 'கொஞ்சம்' கையிலிருந்து கைக்குப் போகப் போகப் பெருத்தது. தலைவரின் மகள், உறுப்பினரின் உறவாகி, உறவு அமைச்சுக்கு வேண்டியவராகி, கடைசிப் போனில் ஷாமிளா யாரென்றே சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய ஆளாகியிருந்தாள்.

டிரெக்டரே இறங்கி வந்தார். கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டே நடந்து வந்து, வாங்கில் இருந்த ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். இந்தச் சனக்கூட்டத்துக்குள் அவர்களைப் போடலாமா என்று சிஸ்டரைக் கேட்டார். மெஷினை விடாமல் போடும்படி டொக்டர் சொல்லியிருப்பதாக சிஸ்டர் ஏதோ ஆரம்பித்தாள். டிரெக்டரின் போன் மறுபடியும் அடித்தது. அதை எடுத்தபடியே அவர் விரலால் நடைவழியின் கடைசியைக் காட்டினார்.

அங்கே இருந்தது விசேஷ அறை. பிள்ளை பெற்ற பிறகு பெரிய இடத்துத் தாய்மார் ஓய்வெடுப்பதற்காக யாரோ ஒரு பிரமுகரின் பிறந்தநாளுக்குக் கட்டிக் கொடுத்தது. ரோசா நிறச் சுவர், ஏசி, டீவி, சிறிய பிரிட்ஜ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பிள்ளை பெறுவதற்கு வேண்டியவை தவிர மற்றெல்லாம் அங்கே இருந்தன.

ஷாமிளாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஒருவர் தள்ள, ஒருவர் தலையணை தூக்க, ஒருவர் முன்னால் ஆட்களை விலக்க, பெண் அழைத்துப் போவது போல் நடைவழியில் அழைத்துப் போனார்கள். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அப்பாவைத் தேடினாள். ஏழுமலை எழுந்து நின்றார். தோட்டத்துப் பிள்ளை ஒன்று இந்த நடைவழியில் இப்படிப் போனதில்லை. அக்கா படுத்த தரை வழியாகத்தான் அந்தச் சக்கரங்கள் உருண்டு போயின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்காதபடி போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

கதவு திறந்து மூடியது. உள்ளே இருந்து அதே சத்தம். டுக் டுக் டுக் டுக்.

"கேளு, எப்பிடி ஓடுது பாரு பேரன்," என்றார் மனைவியிடம்.

ஜஸீல் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தலைவர்... அது எங்கட புள்ளட சத்தம். ஒங்கட மகளுக்குக் கழட்டினத இப்பதான் ரிஸ்னாவுக்குப் போட்டீக்கிறாங்க. மத்த மெஷின் பழுதாம்."

ஏழுமலை சிரித்தார். அங்கே இதைவிட நல்ல மெஷின் வைத்திருப்பார்கள் தம்பி, விசேஷ அறை என்றால் சும்மாவா என்றார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக ஒட்டவில்லை.

அப்போது ஷாமிளாவே போன் செய்தாள். குரலுக்குப் பின்னால் டீவியில் யாரோ சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இங்க மெஷின் இல்ல. பெரிய டிரெக்டர் வந்து வசதியா இருக்கான்னு கேட்டாரு. மிலோ குடுத்தாங்க. ஒரு நர்ஸ் மிஸ் வந்து சின்னக் கருவி ஒண்ண வச்சுப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாங்க. ஆனா வலி வந்து போனப்பறம் யாரும் பார்க்கல. அங்க அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சு. இங்க ஒண்ணுமே கேக்கல. எனக்குப் பயமா இருக்குப்பா."

"பயப்படாத புள்ள. நான் சொல்றேன்," என்றார். அவர் வாழ்க்கையில் ஆயிரம் தடவை சொல்லிய வார்த்தை அது.

நேரே சிஸ்டரின் மேசைக்குப் போனார். அந்த மெஷினை மகளுடைய அறைக்குக் கொண்டு போகலாமா என்று மரியாதையாகக் கேட்டார். முதலாவது, அது இப்போது இன்னொரு தாயின் வயிற்றில் இருக்கிறது என்றாள் சிஸ்டர். அவளுக்கு முடிந்ததும் தருவீர்களா என்று கேட்டார். கொண்டு போனாலும் அங்கே போட முடியாது என்றாள். மெஷினின் பிளக் பழைய வட்டக் கம்பிப் பிளக். இந்தக் கட்டடத்துக்கு ஏற்றது. விசேஷ அறை புதிதாகக் கட்டியது, எல்லாம் சதுரத் துளை. இடையில் மாட்டுகிற, எந்தப் பிளக்குக்கும் எந்தத் துளைக்கும் பொருந்துகிற அடாப்டர் ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் இருக்கிறது.

"அத மாட்டலாமே மிஸ்?"

சிஸ்டர் விரலால் காட்டினாள். மேசைக்குப் பின்னால் சுவரில் அந்த அடாப்டர் இருந்தது. அதில் மாட்டிய சதுரக் கம்பிச் சார்ஜரிலிருந்து ஒரு வயர் இறங்கி அவளுடைய போனுக்குள் போயிருந்தது. காலையிலிருந்து வந்த அழைப்புகளில் பேட்டரி செத்துவிட்டது. பெரிய இடங்களிலிருந்து எந்த நேரமும் எடுப்பார்கள், இன்றைக்கு மட்டும் அந்தப் போன் எக்காரணம் கொண்டும் அணையக் கூடாது என்பது டிரெக்டரின் கட்டளை.

ஏழுமலை அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் போனுக்குள் இருந்தது முழுவதும் அவருடைய குரல்தான்.

அப்படியானால் மகளையே பழைய கட்டிலுக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார். சிஸ்டரின் முகத்தில் ஒரு கணம் ஆசை தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் சொல்லி வைத்த ஆளை, பெரியவர்கள் சொல்லாமல் இறக்கினால் தன்னை எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். டிரெக்டர் சொல்ல வேண்டும் என்றாள். டிரெக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருந்தார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று வாசலில் நின்ற பியூனை ஏழுமலை கேட்டார். விசேஷ அறையில் இருக்கும் பெரிய இடத்து நோனாவைப் பற்றித்தானாம்.

நோயைக் கொண்டுவந்த மருந்தையே இன்னொரு வேளை குடிப்பது என்று ஏழுமலை முடிவு செய்தார். இணைப்புச் செயலாளருக்கு எடுத்தார். மகளைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லுங்கள், அதுதான் வேண்டும் என்று திருத்தமான சிங்களத்தில் சொன்னார்.

மறுமுனையில் செயலாளர் கொதித்தார். பழைய இடமா? பொது சனங்களோடா? யார் அப்படிச் செய்யப் பார்க்கிறது? தலைவரே, நம்ம ஆளுக்கு அப்படியொன்று நடக்க நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.

அதன் விளைவு உடனே வந்தது. விசேஷ அறைக்கு இன்னொரு தலையணை போனது. பெரிய கிளாக்கருக்கு எடுத்துச் சொன்னபோது ஒரு தட்டில் வெட்டிய பப்பாசி போனது. மின்சார சபைக்காரர் பேசியதும் ஏசியை இன்னும் குளிராக்கினார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு எடுத்த ஒவ்வொரு போனும், முறைப்பாடு என்று விளங்கிக்கொள்ளப்பட்டு, ஒரு வசதியாக அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வாழ்நாளில் ஒருவரிடமும் ஒன்றை வேண்டாம் என்று கேட்டதில்லை. அதற்கு அவருடைய பாஷையில் வார்த்தை இல்லை, அவர்களுடைய காதிலும் இடமில்லை.

போன் அடித்தது. ஷாமிளா.

"அப்பா," என்றாள். பல்லுக் கிட்டித்தது, குளிராக இருக்கலாம். "புள்ள அசையிற மாதிரி தெரியல. பெல் அடிச்சேன். பப்பாசி வேணுமான்னு கேக்குறாங்க."

ஏழுமலை வாங்கைப் பார்த்தார். கருப்பாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வச்சிட்டு வாயால போய்ச் சொல்லுங்க," என்றாள். "நாம யாருன்னு."

அவர் நடந்தார். சிஸ்டரின் மேசைக்கு முன்னால் அப்போது கூட்டமாக இருந்தது. சிஸ்டர், வயர் எட்டும் தூரத்துக்குக் குனிந்து, போனைக் காதில் வைத்து, "ஹரி சேர், ஹரி சேர்," என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழுமலை காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. தோட்டத்துக் கந்தோரில் அவருடைய அப்பா நின்றது போல் நின்றார்.

"மிஸ், அப்பே கெனெக் நெவெயி," என்றார்.

சிஸ்டர் போனைச் சற்று விலக்கினாள்.

நம்ம ஆள் இல்லை என்று அவர் மறுபடியும் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்களுக்கு உறுப்பினரையும் தெரியாது, அமைச்சையும் தெரியாது. போன் செய்தவர்களுக்கு என் மகளின் பெயர்கூடத் தெரியாது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பெரிய ஆள் என்று நான்தான் காட்டிக்கொண்டேன். நாங்கள் தோட்டத்து ஆட்கள். சும்மா ஆட்கள். மற்றவர்களுக்கு எங்கே இடமோ அங்கேயே அவளையும் போடுங்கள்.

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அதை நம்பினாளா, அல்லது காலையிலிருந்து அப்படி ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாளா என்பதை ஏழுமலை பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறார். அவள் முதலில் போனைத் துண்டித்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். இது உன் அப்பன் கட்டிய வீடா, யாரைக் கேட்டு அந்த அறையில் படுக்க வைத்தாய், உங்களைப் போன்றவர்களால்தானே என்று தொடங்கிய அந்தத் திட்டு, நடந்துகொண்டே, ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே, நடைவழியின் கடைசிவரை நீண்டது. எத்தனையோ மேடைகளில் மாலை வாங்கிய ஏழுமலைக்கு எந்த வரவேற்பும் அவ்வளவு இனித்ததில்லை.

போகும்போது ஊர்வலமாகப் போன நாற்காலி, வரும்போது சாமான் வண்டி போல் ஓடி வந்தது. சாதாரண சனங்களை அப்படித்தான் தள்ளுவார்கள், நல்லவேளை. உள்ளே ரிஸ்னா, யாரும் கேட்பதற்கு முன்பே தன் வயிற்றில் இருந்த பட்டிகளைத் தானே அவிழ்க்கத் தொடங்கியிருந்தாளாம். ஷாமிளா பிறகு சொன்னாள்.

அவசரத்தில் ஆடும் கதவு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு திறந்தபடி நின்றது. வாங்கில் இருந்த மூவருக்கும் எல்லாம் கேட்டது. முதலில் கரகரப்பு. பிறகு டுக் டுக் டுக். கருப்பாயி மூச்சு விட்டாள். பிறகு ஷாமிளாவுக்கு ஒரு வலி வந்து, அவளுடைய முனகல் உயர்ந்து தணிந்தது. அதன் பின்னால் சத்தம் இறங்கியது. டுக். டுக். ஏழுமலையின் நெஞ்சே அதைவிட வேகமாக அடித்தது. ஏறும் என்று காத்திருந்தார்கள். ஜஸீல் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். ஏறவில்லை. ஏறவில்லை. பிறகு, ஏற்றத்தில் திணறும் பஸ் போல, மெல்ல ஏறியது.

தலையில் பச்சைத் தொப்பியோடு இளம் டொக்டர் ஓடி வந்தார். மெஷினில் இருந்து வந்த கடதாசியைப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். நடுவில் இவ்வளவு நேரம் எங்கே, யார் கழற்றியது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கிருந்த எல்லோருக்கும் பதில் தெரியும் என்பதால் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் பதிலுக்கு நிற்கவில்லை. ஷாமிளாவின் கட்டில் ஒப்பரேஷன் அறைக்கு ஓடியது.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. கொஞ்சம் மூச்சு ஊதி, முதுகைத் தேய்த்த பிறகுதான், பெரிய யோசனைக்குப் பிறகு சம்மதிப்பது போல், அழுதாள் என்றார் டொக்டர். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். வலி வரும்போதெல்லாம் அது இறுகியிருக்கிறது. சின்னக் கருவியை வலி இல்லாத நேரத்தில் வைத்துப் பார்த்தால் நல்லாகத்தான் கேட்டிருக்கும். வலிக்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையில் இருந்திருந்தால் என்று தொடங்கியவர், கருப்பாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிள்ளையை இன்றைக்கு மட்டும் குழந்தைகள் பிரிவில் வைத்துப் பார்ப்பதாகவும் பயம் இல்லை என்றும் சொன்னார்.

ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். சசி பையைத் தோளில் போட்டபடி ஓடிவந்து சேர்ந்தபோது, என்ன நடந்தது மாமா என்று கேட்டான். "மெஷின் காட்டிக் குடுத்திருச்சு," என்று கருப்பாயி பதில் சொன்னாள். கணவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு நினைப்பிருந்தாலும் இன்றைக்கு வேண்டாம் என்று விட்டது போலிருந்தது.

அதற்குள் போன்கள் வரத் தொடங்கின. இணைப்புச் செயலாளர் தான் சரியான நேரத்தில் டிரெக்டரிடம் பேசியதால்தான் ஒப்பரேஷன் நடந்தது என்றார். தலைமைக் காரியாலயம், தாயும் சேயும் நலம் என்று முகநூலில் போடுவதற்கு ஒரு படம் கேட்டது. பெரிய கிளாக்கர் பப்பாசி நல்லாக இருந்ததா என்று விசாரித்தார். டிரெக்டர் நேரிலேயே வந்து, இப்போது அறை ஆயத்தம், தாயைக் கொண்டு போகலாமா என்று கேட்டார். பிள்ளை பெற்ற தாய்மாருக்கென்றே கட்டிய அறை; முதல் தடவையாக அதற்கு ஏற்ற ஆளாக ஷாமிளா ஆகியிருந்தாள். ஏழுமலை, வேண்டாம் சேர், அவளுக்குச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழக்கம் என்றார். மற்றவர்கள் எல்லோருக்கும், ஆமாம் சேர், உங்களால்தான் சேர், என்று சொன்னார். அது பொய்யும் இல்லை.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஷாமிளா பொது வார்டில் ஜன்னலோரமாக அயர்ந்து தூங்கினாள். சசி அவளருகே இருந்தான். பிரசவ அறை வாங்கில் ஜஸீல் மட்டும், அதே கூடையை மடியில் வைத்துக்கொண்டு. ரிஸ்னாவுக்கு வலி இப்போதுதான் கூடியிருந்தது. மெஷின் மறுபடியும் அவளிடம் வந்துவிட்டது.

ஏழுமலை அவனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கருப்பாயியோடு பக்கத்தில் அமர்ந்தார். ஜஸீல் ஒரு மிடறு குடித்தான். ஏதோ கேட்க நினைத்து, கூச்சத்தில் கூடையின் பிடியைத் திருகினான்.

"தலைவர், தப்பா நெனைக்க வேணாம். ஒங்களுக்கு மேல எல்லாரையும் தெரியுந்தானே. ஒரு கோல் போட ஏலுமா? ரிஸ்னாவ எங்கயும் மாத்த வேணாம், அந்த மெஷின்லயே வைங்கண்டு."

கருப்பாயி திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

ஏழுமலை போனை எடுத்தார். திரையில் ஏற்கெனவே யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள், பெயரைப் படிக்கவில்லை. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். வெளிச்சம் அணைந்தது. அதை மனைவியின் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார்.

"இதுதான் தம்பி நான் போடுற கோல்," என்றார்.

ஒரு மிஸ் தட்டோடு வெளியே வந்தாள். ஆடும் கதவு திறந்து, திரும்ப மூடுவதற்கு முன்னால், அந்தச் சத்தம் அவர்கள்மேல் சிந்தியது. டுக் டுக் டுக் டுக். யாருடைய ஆள் என்று தெரியாத ஒரு பிள்ளை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தி, கதவு அடுத்த தடவை எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.